நட்டு மீட்க முடியாத காடு

ஆஸ்திரேலியக் கண்டத்தில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் தாமாக வளராதவை. இருபதாயிரத்தை எட்டும் வகைகளைக் கொண்ட இந்தத் தாவரச் செல்வம், பல கோடி ஆண்டுகள் பிற நிலப்பரப்புகளிலிருந்து விலகிக் கிடந்த பெருந்தீவில், சத்துக் குறைந்த மண்ணையும் நம்பியிருக்க முடியாத மழையையும் திரும்பத் திரும்ப மூளும் நெருப்பையும் தாங்கி உருவானது. 1788இல் ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கியபின் அக்கண்டத்தின் காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அழிந்ததை மரம் நட்டு ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் அங்கே நெடுங்காலம் கோலோச்சியது. அது எவ்வளவு பிழையான எண்ணம் என்பதை அந்த மண்ணும், அதில் வேரூன்றிய செடிகளும், அச்செடிகளை நம்பி வாழும் உயிர்களும் கடந்த நூறாண்டுகளாகக் காட்டிவருகின்றன.

நீலகிரியில் கற்பூர மரம் என்றும் சீகை மரம் என்றும் வழங்கும் யூகலிப்டஸையும் வாட்டில் மரத்தையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, ஆஸ்திரேலியத் தாவரம் என்றாலே எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் முரட்டு மரம்தான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்த மரங்கள் பின்னாளில் சோலைகளைச் சூழ்ந்த மலைப் புல்வெளிகளைப் பெருமளவில் விழுங்கியது இன்றும் ஆறாத புண்ணாக இருக்கிறது. ஆனால் தாய்நிலத்தில் இவற்றின் வாழ்க்கை வேறு. அங்கே ஒவ்வொரு மரமும் குறிப்பிட்ட மண்ணோடும், குறிப்பிட்ட இடைவெளியில் வரும் நெருப்போடும், பூஞ்சையோடும் எறும்போடும் பறவையோடும் பிணைந்து நிற்கிறது. அந்தப் பிணைப்பில் ஓர் இழை அறுந்தாலும் காடு மெல்லத் தளரத் தொடங்குகிறது.

சத்தில்லாத மண்ணின் வளம்

ஆஸ்திரேலியா ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டத்தின் பகுதியாக இருந்தது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் பிரிந்துபோன பின்னும் அது அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்து, ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் விலகி வடக்கு நோக்கி நகர்ந்தது. நகர நகர அது வறண்டது. ஈரக்காடுகள் கிழக்குக் கரையின் ஓரங்களுக்கும் டாஸ்மேனியாவின் மலைகளுக்கும் ஒதுங்க, தடித்த தோல் போன்ற இலைகளைக் கொண்ட யூகலிப்டஸ் இனங்களும், வேல மரங்களின் உறவினங்களான அக்கேசியாக்களும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று யூகலிப்டஸ் குடும்பத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகளும், அக்கேசியாவில் ஏறத்தாழ ஆயிரம் வகைகளும் அங்கே உள்ளன. நாட்டின் நடுப்பகுதியில் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முள்முனைப் புல் மேடுமேடாக வளர்ந்து கண்டத்தின் ஏறத்தாழ கால் பங்கைப் போர்த்தியிருக்கிறது. அதை அடுத்து நிற்கும் மல்கா என்னும் அக்கேசியா மரத்தில் இலை போலத் தெரிவது உண்மையில் இலைக்காம்புதான். அது தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. மேல்நோக்கி நிமிர்ந்த அதன் கிளைகள் பெய்யும் சிறு தூறலையும் தண்டின் வழியே வேருக்கு வழித்து இறக்குகின்றன.

வியப்புக்குரிய பகுதி கண்டத்தின் தென்மேற்கு மூலை. அங்கே மலைகள் புதிதாக எழவில்லை. எரிமலைச் சாம்பல் மண்ணைப் புதுப்பிக்கவில்லை. பனிப்பாறைகள் பாறையை அரைத்துப் புதுமண் தரவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை மண்ணைக் கழுவிக் கழுவி, உழவர்கள் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டது. உலகின் மிகச் சத்தற்ற மண்களில் ஒன்றான அதில்தான் சுமார் எட்டாயிரம் தாவர வகைகள் வளர்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பாதி அந்த மூலையை விட்டு வெளியே எங்கும் இல்லாதவை. நூங்கர் பழங்குடியினர் குவோங்கன் என்றழைக்கும் இடுப்பளவுப் புதர்நிலம் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சாம்பல் பூத்த வெறுங்காடாகத் தோன்றும். கிட்டப்போனால் சில அடிகளுக்கு ஒரு புதுவகைச் செடி கண்ணில் படும்.

சத்தில்லாத மண்ணில் இத்தனை வகைகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்விக்கு மண்ணுக்கு அடியில்தான் விடை இருக்கிறது. பாங்க்சியா என்ற மரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்து இதன் மாதிரிகளைச் சேகரித்த ஜோசப் பாங்க்ஸின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. மழைக்காலத்தில் இதன் மேல்வேர்களில் மயிரிழை போன்ற சிறு வேர்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக முளைத்து, புட்டி கழுவும் தூரிகையைப் போலக் கொத்துக் கொத்தாகத் திரளுகின்றன. இந்த வேர்க்கொத்துகள் சில வாரங்களே உயிர்வாழும். அந்தக் குறுகிய காலத்துக்குள் சிட்ரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்து, இரும்புத்தாதுவோடு இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து உறிஞ்சிவிடுகின்றன. உறிஞ்சிய சத்தைச் செடி வீணாக்குவதில்லை. இலை உதிருமுன் அதிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொண்டு, விதைக்குள் சேர்த்துவைக்கிறது.

இப்படி வறுமைக்குப் பழகிய செடிகள் பலவற்றுக்கு வளமே நஞ்சாகிவிடுகிறது. பாஸ்பரஸ் நிறைந்த உரத்தை வேரில் இட்டால் அவற்றால் உறிஞ்சுவதை நிறுத்த முடியாமல், இலைகள் கருகிச் செடி மடிகிறது. பண்ணை வயலிலிருந்து வடிந்துவரும் உரநீரும் அதே வேலையைச் செய்யும். கூடவே, அந்த உரத்தில் வெளிநாட்டுக் களைகள் செழித்து இடத்தைப் பிடிக்கும். ஆகவே, ஒருமுறை சூப்பர் பாஸ்பேட் இட்டு உழுத நிலத்தை அதன் பழைய செடிகளுக்குத் திருப்பித் தருவது கிட்டத்தட்ட இயலாத காரியம். உழவரின் கண்ணில் மண்ணின் மேம்பாடாகத் தெரிவது, அந்தத் தாவரங்களுக்கு நாடு கடத்தலாக முடிகிறது.

நெருப்பின் கணக்கு

ஆஸ்திரேலியத் தாவரங்கள் நெருப்பை விரும்புகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுவது அரைகுறை உண்மை. அவை தாங்குவது எல்லா நெருப்பையும் அல்ல; எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு வெப்பத்தோடு நெருப்பு வருகிறது என்ற கணக்குதான் அவற்றின் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்கிறது. பல யூகலிப்டஸ் மரங்கள் அடிமரத்தில், மண்மட்டத்துக்குக் கீழே, கிழங்கு போலப் பருத்த கட்டைப்பகுதியில் உறங்கும் மொட்டுகளை வைத்திருக்கின்றன. தண்டின் தடித்த பட்டைக்குள்ளும் மொட்டுகள் புதைந்திருக்கின்றன. மேலே எல்லாம் கருகிய சில வாரங்களில் கரிந்த தண்டு முழுவதும் பசுந்தளிர் கம்பளிபோல் போர்த்திக்கொண்டு முளைக்கும். பாங்க்சியாவின் சில வகைகளோ தாய்மரத்தைக் காப்பாற்ற முயல்வதே இல்லை. அவை கட்டையான காய்களுக்குள் விதைகளைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்திருந்து, தீயின் வெப்பத்தில் காய் வெடித்தபின் சாம்பல் மண்ணில் சிந்துகின்றன. வேறு பல செடிகளின் விதைகள் மண்ணுக்குள் பதுங்கியிருந்து, வெப்பத்துக்கு மட்டுமின்றிப் புகைக்கும் விழித்துக்கொள்கின்றன. புகையில் உள்ள எந்தப் பொருள் விதையை எழுப்புகிறது என்பதை 2004இல் பெர்த் நகர விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். கரிக்கினோலைடு என்ற அந்தச் சேர்மம் மிக நுண்ணிய அளவிலேயே முளைப்பைத் தூண்டுகிறது. முன்பு முளைக்கவைக்க முடியாதிருந்த பல காட்டுச் செடிகளை நாற்றங்காலில் வளர்க்கப் புகை வழிதிறந்தது.

விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் வளரும் மவுண்டன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ் உலகின் மிக உயரமான பூக்கும் தாவரங்களில் ஒன்று. டாஸ்மேனியாவில் நூறு மீட்டரை எட்டிய மரம் உண்டு. இந்தப் பேருருவம் கடுந்தீயில் செத்துவிடும். உதிர்ந்த விதையிலிருந்துதான் புதுக்காடு எழ வேண்டும். அந்தக் கன்றுகள் விதை கொடுக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு பெருந்தீ வந்துவிட்டால் விதை இல்லை, தாய்மரமும் இல்லை. அந்தக் காடு புதராகிவிடும். இதே நிலையிலுள்ள ஆல்பைன் ஆஷ் காடுகளில் 2003 முதல் பத்தாண்டுக்குள் சில இடங்கள் இரண்டு மூன்று முறை எரிந்ததால், விக்டோரிய அரசு வானிலிருந்து விதை தூவ வேண்டியதாயிற்று. பொந்துகளில் வாழும் லெட்பீட்டர் பாஸம் என்ற சிறு பைப்பாலூட்டிக்கு ஏற்ற பொந்து ஒரு மவுண்டன் ஆஷ் மரத்தில் உருவாக நூறாண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மரம் வெட்டுவோருக்கும் காப்போருக்கும் இடையே நடந்த நெடிய வழக்குகளின் காரணம் விளங்கும். 2024 ஜனவரி முதல் விக்டோரியா தன் அரசு நிலங்களிலுள்ள இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை நிறுத்தியது.

நெருப்பையே அறியாத தாவரங்களும் அங்கே உண்டு. டாஸ்மேனியாவின் மேட்டுநிலங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழும் பென்சில் பைன் மரங்கள் 2016 ஜனவரியில் மழையற்ற மின்னல்கள் மூட்டிய தீயில் எரிந்தன. அவை மறுபடி தளிர்க்கவும் மாட்டா, தீக்குப்பின் விதையால் பரவவும் மாட்டா, எரிந்தது போனதுதான். சிட்னிக்கு மேற்கே ஆழமான பள்ளத்தாக்குகளில் 1994இல் கண்டறியப்பட்ட வொல்லெமி பைன் அதைவிடப் பழமையானது. டைனோசார் காலத்துப் பாறைப் படிவங்களில் மட்டும் தடயம் விட்டு மறைந்ததாகக் கருதப்பட்ட மரவரிசையைச் சேர்ந்தது. காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. 2019-20 கோடையில் பெருந்தீ அந்தப் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, நீர்த்தெளிப்பான்களைப் பொருத்தி அம்மரங்களைக் காத்தனர். அந்த ஒரே பருவத்தில் கண்டத்தின் மிதவெப்ப மண்டல அகன்ற இலைக் காடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. வழக்கமான ஆண்டில் எரிவது அதில் மிகச் சிறு பகுதியே. மனிதரால் கூடிவரும் வெப்பம் தீயின் பழைய கணக்கைக் கலைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை அறிந்தவர்கள் அக்கண்டத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார்கள். பழங்குடியினர் மழை ஓய்ந்து புல் பாதி காய்ந்திருக்கும் முன்பருவத்தில், தணிந்த காற்றில், சிறுசிறு திட்டுகளாகத் தீயிட்டனர். எரிந்த திட்டில் புதுப்புல் முளைத்துக் கங்காருவை இழுத்தது. எரிந்த திட்டுகளே பின்னால் வரும் பெருந்தீயைத் தடுத்து நிறுத்தும் இடைவெளிகளாயின. தொல்லியலாளர் ரிஸ் ஜோன்ஸ் 1969இல் இதற்குத் தீக்கோல் வேளாண்மை என்று பெயரிட்டு எழுதும்வரை, வெள்ளையர் உலகம் அந்த நிலத்தை யாரும் பண்படுத்தாத கன்னிக்காடு என்றே எண்ணியிருந்தது. குடியேற்றத்தால் மக்கள் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்டபின் அந்தச் சிறுதீ நின்றது. வறள்பருவத்தின் இறுதியில் மூளும் கட்டுக்கடங்காத தீ வந்தது. வடக்கே ஆர்னம் லேண்ட் மேட்டுநிலத்தில், தீயைத் தாங்காத அன்பினிக் மரக்காடுகள் ஓரங்களிலிருந்து கருகிச் சுருங்கின. 2006 முதல் மேற்கு ஆர்னம் லேண்டின் மரபுவழி உரிமையாளர்கள் முதியோரின் அறிவையும் செயற்கைக்கோள் வரைபடத்தையும் சேர்த்து முன்பருவத் தீயை மீண்டும் இட்டுவருகிறார்கள். பெருந்தீ குறைவதால் காற்றில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களும் குறைகின்றன. அந்தக் குறைவுக்குப் பணம் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் மக்கள் தம் நிலத்துக்குத் திரும்பி வாழ முடிகிறது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு முயற்சிகளில் இதைவிடப் பொருள்பொதிந்த ஒன்றைச் சுட்டுவது கடினம்.

சங்கிலியும் உப்பும்

நெருப்பைக் காட்டிலும் பெரிய அழிவைச் செய்தது நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை. குயின்ஸ்லாந்தின் உள்நாட்டில் பிரிகலோ என்னும் வெள்ளி இலை அக்கேசியாக் காடு லட்சக்கணக்கான ஹெக்டேரில் அடர்ந்திருந்தது. 1962இல் கொண்டுவந்த சட்டத்தின் துணையோடு அரசே கடன் கொடுத்துக் குடியேறிகளை அங்கே அனுப்பியது. கப்பல் நங்கூரத்துக்குரிய கனத்த சங்கிலியை இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கட்டி, இரண்டும் இணையாக நகர்ந்தால் நடுவே நின்ற காடு முழுவதும் வேரோடு சாயும். காய்ந்தபின் கொளுத்திவிட்டுப் புல் விதைப்பார்கள். பிரிகலோக் காட்டில் ஏறத்தாழ 90 சதவீதம் இப்படி மறைந்தது. 1999-2000ஆம் ஆண்டில் மட்டும் குயின்ஸ்லாந்தில் ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல் மரங்கள் சாய்க்கப்பட்டன. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வெட்டும் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தென்மேற்கின் கோதுமை நிலத்தில் நடந்தது இன்னும் வேதனையானது, ஏனென்றால் அங்கே எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது. கடற்காற்றும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த உப்பு அந்த மண்ணின் ஆழத்தில் தங்கியிருந்தது. ஆழ வேர்விட்ட மரங்களும் புதர்களும் பெய்யும் மழை முழுவதையும் ஆண்டு முழுதும் குடித்துத் தீர்த்ததால் நிலத்தடி நீர் கீழேயே நின்றது. காட்டை அகற்றி, சில மாதங்களே உயிர்வாழும், ஆழமற்ற வேருள்ள கோதுமையை விதைத்ததும், குடிக்க ஆளில்லாத மழைநீர் கீழே இறங்கி நிலத்தடி மட்டத்தை உயர்த்தியது. உயர்ந்த நீர் உப்பையும் கரைத்து மேலே தூக்கிவந்தது. டபிள்யூ. ஈ. வுட் என்ற ரயில்வே பொறியாளர், நீராவி இன்ஜின்களுக்கு நீர் எடுத்த ஓடைகள் காடு வெட்டப்பட்டபின் உவர்ப்பாவதைக் கவனித்து, 1924இலேயே இந்தக் காரணத்தை அறிவியல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்குப்பின் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1960களில், ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் நிலத்தைத் திறந்துவிடுவது மேற்கு ஆஸ்திரேலிய அரசின் பெருமைக்குரிய கொள்கையாக இருந்தது. இன்று அந்தப் பகுதியில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் உவர்நிலமாகிவிட்டது. பள்ளங்களில் பட்டுப்போன மரங்கள் வெள்ளை உப்புப் பரப்பில் நிற்கின்றன. பல வட்டாரங்களில் இயற்கைத் தாவரங்களில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியிருப்பவை சாலையோரக் கீற்றுகளும், உழ முடியாத பாறை மேடுகளும்தான்.

விக்டோரியாவின் எரிமலைச் சமவெளிப் புல்வெளிகள் 1835க்குப் பின் வந்த ஆட்டு மந்தைகளால் அழிந்தன. கங்காருப் புல்லுக்கு இடையே மஞ்சள் பூப்பூத்து நின்ற மர்னாங் என்ற கிழங்குச் செடி அந்நிலத்துப் பெண்களின் அன்றாட உணவு. அவர்கள் கோலால் கிளறிக் கிழங்கெடுத்ததே மண்ணைப் பொலபொலவென்று வைத்திருந்தது. ஆடுகள் அதை வேரோடு மேய்ந்து சில ஆண்டுகளில் தீர்த்துவிட்டன. அத்தோடு அந்த மக்களின் பட்டினியும் தொடங்கியது. அப்புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. மிஞ்சியவற்றில் சிறந்த சில துண்டுகள், ஏரும் ஆடும் நுழையாத பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில்பாதை ஓரங்களிலும் இருக்கின்றன. அருகிவரும் ரிங்கிள்வொர்ட் என்ற சிறு பூச்செடி மெல்போர்னுக்கு வெளியே கல்லறைகளுக்கு நடுவிலும் பிழைத்திருந்தது.

வந்தேறிகளும் விலகியவர்களும்

துப்புரவுக்குத் தப்பிய காட்டையும் வேறு பகைகள் விட்டுவைக்கவில்லை. 1859இல் வேட்டைக்காக விடப்பட்ட முயல்கள் கண்டத்தின் பெரும்பகுதியில் பெருகி, அக்கேசியாக் கன்றுகளை முளையிலேயே கொறித்தன. ஹெக்டேருக்கு ஒரு முயல்கூட இல்லாத இடத்திலும் மல்காவின் அடுத்த தலைமுறை எழவில்லை. ஃபைட்டோப்தோரா என்னும் மண்வழி நோய்க்கிருமி ஜாரா என்னும் யூகலிப்டஸ் காடுகளில் வேர்களை அழுகவைக்கிறது. தென்மேற்கின் தாவர வகைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதற்கு இரையாகக் கூடியவை. வண்டிச் சக்கரத்திலும் காலணியிலும் ஒட்டிய சேற்றிலேயே அது பயணம் செய்வதால், காட்டுக்குள் போகுமுன் காலணியைத் துலக்கிக் கழுவும் தொட்டிகள் அங்கே பல நுழைவாயில்களில் கண்ணில் படுகின்றன. 2010இல் நியூ சவுத் வேல்ஸில் நுழைந்த மிர்ட்டில் துருநோய், நாவல், கொய்யா இனத்தைச் சேர்ந்த நாட்டு மரங்களின் தளிரைத் தாக்கி, பரவலாக இருந்த நாட்டுக் கொய்யாவைச் சில ஆண்டுகளுக்குள் அழிவின் விளிம்புக்குத் தள்ளியது.

நடுப்பகுதிப் பாலைநிலத்தில் இன்று மிகுந்த அச்சத்தைத் தருவது பஃபெல் புல். கொங்குநாட்டில் காங்கேயம் மாடுகளை வளர்க்கும் கொரங்காட்டில் உழவர் போற்றும் கொழுக்கட்டைப்புல்தான் அது. மாட்டுக்கும் மண்ணுக்கும் தமிழ்நாட்டில் துணைநிற்கும் அதே புல், அங்கே புழுதியை அடக்கவும் மேய்ச்சலுக்கும் விதைக்கப்பட்டு, ஆற்றுப்படுகைகளில் நாட்டுப் புற்களையும் பூச்செடிகளையும் மூச்சடைத்து, அடர்ந்து காய்ந்து, முன்பு தீ பரவாத இடங்களில் கடுந்தீயைக் கொண்டுசேர்க்கிறது. பழைய ரெட் கம் யூகலிப்டஸ் மரங்கள் அந்தத் தீயில் சாய்கின்றன. மேய்ப்பவர்களுக்கு அது வரம். மரபுவழி உரிமையாளர்களுக்கு அது உணவுச் செடிகளையும் புனித மரங்களையும் பறித்த கேடு. தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் அதைக் களை என்று அறிவித்தது.

இதற்கு எதிர்த்திசையில், காட்டைவிட்டு விலகிப்போன விலங்குகளின் இழப்பும் தாவரங்களில் தெரிகிறது. வொய்லி என்னும் முயலளவு பைப்பாலூட்டி மண்ணுக்கடியில் வளரும் காளான்களைத் தோண்டித் தின்று வாழ்வது. ஒரு விலங்கு ஆண்டில் சுமார் ஐந்து டன் மண்ணைக் கிளறிவிடுகிறது. அந்தக் குழிகளில் மழைநீர் இறங்கும், சருகு மக்கும், மரவேர்களோடு கூடிவாழும் பூஞ்சையின் வித்துகள் பரவும். ஆஸ்திரேலியச் சந்தனத்தின் கனத்த விதைகளையும் வொய்லி அங்கங்கே புதைத்துவைத்து மறந்துவிடும். மறந்தவை வேறு மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு முளைக்கும். நரியும் பூனையும் வந்தபின் கண்டத்தின் பெரும்பகுதியில் வொய்லி இல்லாமலானது. தென்மேற்கில் மட்டும் அது எஞ்சியதற்கு ஒரு செடியும் காரணமாகக் கருதப்படுகிறது. காஸ்ட்ரோலோபியம் என்ற பயறுவகைப் புதர் ஃபுளோரோஅசிட்டேட் என்னும் கடும் நஞ்சைத் தானே உண்டாக்குகிறது. குடியேறிகளின் மாடுகள் அதைத் தின்று செத்தன. அந்த மண்ணின் விலங்குகளோ தலைமுறை தலைமுறையாக அதற்கு ஈடுகொடுத்துப் பழகியவை. 1080 என்ற பெயரில் அதே நஞ்சை இறைச்சித் துண்டில் வைத்தால் நரி சாகும், நாட்டு விலங்குகளுக்குப் பெரிதாக ஊறு நேராது. 1996 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும் பரப்பில் இந்தமுறை கையாளப்படுகிறது.

சட்டமும் கைகளும்

குயின்ஸ்லாந்து 1999இல் தாவர மேலாண்மைச் சட்டத்தை இயற்றி, 2006 இறுதியோடு பெருமளவிலான காட்டுத் துப்புரவை நிறுத்தியது. 2009-10இல் வெட்டப்பட்ட பரப்பு ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் கீழே இறங்கியது. கியோட்டோ உடன்பாட்டின் இலக்கை ஆஸ்திரேலியா எட்டியதில் பெரும்பங்கு இந்த வீழ்ச்சிக்குரியது. தொழிற்சாலைகள் மாறியதைவிட மரங்கள் தப்பியதுதான் கணக்கை நேராக்கியது. ஆனால் இதன் செலவை ஏற்றவர்கள் நிலவுடைமையாளர்கள். இழப்பீடு போதவில்லை என்ற அவர்களின் மனக்குறையை ஆளும் கட்சிகள் சரியாகக் கேட்கவில்லை. எதிர்க்கட்சிகள் அதை வாக்காக்கின. 2013இல் சட்டம் தளர்ந்தது, 2015-16இல் துப்புரவு ஏறத்தாழ நான்கு லட்சம் ஹெக்டேராக ஏறியது, 2018இல் சட்டம் மீண்டும் இறுகியது. நியூ சவுத் வேல்ஸில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் நீக்கப்பட்டு, தளர்ந்த விதிகள் வந்தன. அம்மாநிலத்தின் குரோப்பா கிரீக் என்ற ஊரில், சட்டமீறிய துப்புரவைப் பார்வையிடச் சென்ற அரசு அலுவலர் 2014இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது இந்தப் பிணக்கு எவ்வளவு ஆழத்தில் புரையோடியிருந்தது என்பதைச் சொல்லும். தேசிய அளவில் 1999இல் இயற்றப்பட்ட சூழல் சட்டம் பயனற்றது என்று 2020இல் கிரேம் சாமுவேல் தலைமையிலான மறுஆய்வு வெளிப்படையாகவே எழுதியது.

அந்தச் சட்ட முறையின் மிகப் பலவீனமான முடிச்சு ஈடுசெய்தல் என்ற ஏற்பாடு. ஓரிடத்தில் காட்டை அழிப்பவர் வேறோர் இடத்தில் காட்டைக் காப்பதற்கோ வளர்ப்பதற்கோ பணம் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது அதன் அடிப்படை. மெல்போர்ன் நகர விரிவாக்கத்துக்காகப் புல்வெளிகளை விட்டுக்கொடுத்ததற்கு மாற்றாக, நகருக்கு மேற்கே 15,000 ஹெக்டேர் புல்வெளிக் காப்பகத்தை 2020க்குள் அமைப்பதாக விக்டோரிய அரசு 2010இல் உறுதியளித்தது. கெடு முடிந்தபோது அதில் பத்தில் ஒரு பங்கு நிலமே வாங்கப்பட்டிருந்ததை மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் எடுத்துக்காட்டினார். காத்திருந்த நிலங்களில் அதற்குள் களை ஏறிவிட்டது. வீடுகள் மட்டும் குறித்த காலத்தில் எழுந்துவிட்டன. நூறாண்டுப் பொந்தையும் கோடி ஆண்டு மண்ணையும் ரொக்கமாக மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, அழிவுக்கு நாள் குறித்து, மீட்புக்கு நாள் குறிக்காமல் விடுகிறது.

மீட்பு முற்றிலும் இயலாதது என்று சொல்வதற்கில்லை. எங்கே இயலும் என்பதை முதலில் கண்டவர்கள் தாமாக முன்வந்த எளியவர்கள். பாலைநிலச் சுரங்க நகரான புரோக்கன் ஹில், மரங்கள் விறகாகவும் சுரங்கத் தூண்களாகவும் போய், மந்தைகளும் முயல்களும் மீதியைத் தின்றபின், மணற்புயலில் மூழ்கிக்கொண்டிருந்தது. அங்கே சுரங்க ஆய்வகத்தில் பணிபுரிந்த தாவர ஆர்வலர் ஆல்பர்ட் மாரிஸ், ஊரைச் சுற்றி முயல்புகா வேலி போட்டுவிட்டால் போதும், மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று 1936இல் சுரங்க நிறுவனத்தை இணங்கவைத்தார். வேலிக்குள் மண்ணில் உறங்கிய விதைகள் எழுந்து புழுதியை அடக்கின. சிட்னியின் மோஸ்மன் பகுதியில் 1960களில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற சகோதரியர் வேறொரு முறையை வகுத்தனர். களை மண்டிய இடத்தில் கையை வைக்காமல், காடு நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு களையாகக் கையால் பிடுங்கி, கிளறிய மண்ணின் மேல் சருகை மறுபடி பரப்பி, காடு எவ்வளவு வேகத்தில் அந்த இடத்தை நிரப்புகிறதோ அவ்வளவு வேகத்தில் மட்டுமே முன்னேற வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. நடுவதற்கு அதில் கிட்டத்தட்ட இடமே இல்லை. மண்ணில் விதையும் வேரும் உயிரோடு இருக்கும்வரை இந்த வழி பலிக்கும். உழுது உரமிட்ட நிலத்தில் பலிக்காது. பிரிகலோவும் அப்படித்தான்: சங்கிலி சாய்த்தபின் உழாமல் விட்ட இடங்களில் வேரிலிருந்து தளிர்த்து, சில பத்தாண்டுகளில் பறவைகளுக்கு மறுபடி இடம் தருகிறது, உழுத இடங்களில் திரும்பவே இல்லை.

இன்று கண்டத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேசியக் காப்பக அமைப்பில் சேர்ந்திருக்கிறது; அதில் ஏறத்தாழ பாதி, 1998 முதல் பழங்குடியினர் தாமே அறிவித்துத் தம் காவலர்களைக் கொண்டு பராமரிக்கும் நிலங்கள். 2030க்குள் 30 சதவீதத்தைக் காப்பதாக அரசு உறுதியளித்திருக்கிறது. சேர்க்கும் பரப்பைப் பாலைநிலத்திலேயே எளிதில் எட்டிவிடலாம். அங்கே நிலம் மலிவு, போட்டியும் குறைவு. மிகக் குறைவாக எஞ்சியிருக்கும் கோதுமை நிலத்துப் புதர்களும், கிழக்கின் பாக்ஸ்-கம் யூகலிப்டஸ் மரவெளிகளும், எரிமலைச் சமவெளிப் புல்வெளிகளும் தனியார் பண்ணைகளின் வேலிகளுக்குள் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் துண்டுகளாக இருக்கின்றன. அவற்றைக் காக்க வேண்டிய உழவருக்கு வேலிக்கும் களையெடுப்புக்கும் விட்டுக்கொடுக்கும் விளைச்சலுக்கும் ஆண்டுதோறும் ஊதியம் வேண்டும். நடும் கன்றுகளுக்குக் கிடைக்கும் அளவு நிதி நிற்கும் காட்டுக்கு இன்னும் வந்துசேரவில்லை.